வெள்ளகவிக்கு வழி எது?

பெரு நாட்டு மச்சு பிச்சுவை ஆதிகாலத்து நகரம் என்றே பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆண்டீஸ் மலையில், கடல் மட்டத்திலிருந்து 2,430 மீட்டர் உயரத்தில், மேகத்துக்குள் பாதி மறைந்து நிற்கும் அந்தக் கல் நகரத்தின் படத்தைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். கணக்குப் போட்டுப் பார்த்தால் கதை வேறு. இன்கா அரசர் பச்சகூட்டியின் காலத்தில், 15ஆம் நூற்றாண்டின் நடுவில் எழுந்த ஊர் அது. தஞ்சைப் பெரிய கோயிலின் திருப்பணி 1010இல் முடிந்துவிட்டது. இராஜராஜன் எழுப்பிய விமானத்துக்கு மச்சு பிச்சு நானூறு வயதுக்கு மேல் இளையது.

அதைச் சொல்லி அந்த நகரத்தின் மதிப்பைக் குறைக்க வேண்டியதில்லை. சாந்து பூசாமல், கத்தி நுனி புகாதபடி கல்லோடு கல்லைப் பொருத்திய வேலைக்கு வயது ஒரு பொருட்டல்ல. இங்கே கவனிக்க வேண்டியது வேறொன்று. அங்கே போக விரும்புகிறவர்கள் மாதக்கணக்கில் திட்டம் போடுகிறார்கள். இன்கா பாதையில் நாலு நாள் நடந்து போக வேண்டுமானால் ஒரு நாளைக்கு 500 பேருக்குத்தான் அனுமதி. அந்த 500இல் சுமைதூக்குவோர், சமையல்காரர், வழிகாட்டிகள் எல்லோரும் அடக்கம். அவர்களைக் கழித்தால் பயணிகளுக்கு மிஞ்சுவது சுமார் 200 இடம். உரிமம் பெற்ற வழிகாட்டி இல்லாமல் யாரும் கால் வைக்க முடியாது. மழை உச்சத்தில் இருக்கும் பிப்ரவரி முழுவதும் பாதையை மூடிவிடுவார்கள். ஊன்றுகோல் கொண்டுபோனால் அதன் நுனியில் ரப்பர் மூடி இருக்க வேண்டும், இரும்பு முனை பழைய கற்படிகளைக் கொத்திவிடும் என்பதால்.

கையில் பாஸ்போர்ட்டும் வங்கியில் சில லட்சங்களும் இருப்பவர்கள் இதையெல்லாம் பொறுமையாகப் படித்துத் தயாராகிறார்கள். அதே ஆட்கள் பழனி மலைத்தொடருக்குக் கிளம்பும்போது மட்டும் வெள்ளிக்கிழமை இரவு ஒரு காரைப் பிடித்து, சனிக்கிழமை காலை கொடைக்கானலில் இறங்கி, ஓட்டல் வாசலில் நிற்கும் பையனிடம் "இங்க பக்கத்துல என்னப்பா இருக்கு?" என்று கேட்கிறார்கள்.

பக்கத்தில் வெள்ளகவி இருக்கிறது.

கொடைக்கானல் பேருந்து நிலையத்திலிருந்து சுமார் 5 கிலோமீட்டரில் வட்டக்கானல். அங்கிருந்து டால்பின் மூக்குப் பாறைக்கு இறங்குகிற பாதையில் கூட்டம் நெரியும். பாறை நுனியில் நின்று படம் எடுத்ததும் கூட்டம் திரும்பிவிடும். திரும்பாமல் அதே பாதையில் தொடர்ந்து கீழே இறங்கினால், மலையின் நடு இடுப்பில், தேனி மாவட்டத்துச் சமவெளியைப் பார்த்தபடி ஒரு ஊர் வரும். நிர்வாகக் கணக்கில் திண்டுக்கல் மாவட்டம், கொடைக்கானல் ஒன்றியம். கண்ணுக்குத் தெரியும் பட்டணம் பெரியகுளம். இந்த ஊரிலிருந்து இன்னும் கீழே இறங்கினால் கும்பக்கரை அருவி, அங்கிருந்து சுமார் 9 கிலோமீட்டரில் பெரியகுளம். காப்பி, மிளகு, மலைவாழை, பட்டர் ஃப்ரூட் என்று காடும் தோட்டமும் கலந்த விவசாயம். ஊருக்கு நானூறு வயது என்பது அங்குள்ளவர்கள் சொல்லும் கணக்கு.

இந்தக் கணக்கை ஊர்ப்பெருமை என்று தள்ளிவிட முடியாது. 1868இல் மதுரை மாவட்டத்தைப் பற்றிப் பெரிய நூல் எழுதிய நெல்சன், பழனி மலையில் வாழும் குன்னுவர் என்ற மக்கள் கோயம்புத்தூர்ப் பக்கத்துச் சமவெளியிலிருந்து சில நூற்றாண்டுகளுக்கு முன் மலையேறி வந்தவர்கள் என்று பதிவு செய்திருக்கிறார். அவர்களுக்கு முன்பே பளியர்களும் புலையர்களும் இந்த மலையில் இருந்தார்கள். வெள்ளகவி குன்னுவர் ஊர். ஆவணத்தில் அது இடம்பெறுவது 1821இல். பி. எஸ். வார்டு என்ற ராணுவ லெப்டினன்ட், நில அளவைக்காக வெள்ளகவியில் தங்கி, அங்கிருந்து மேலே ஏறித்தான் இன்றைய கொடைக்கானல் இருக்கும் மேட்டைப் பார்த்தார். அப்போது மேலே ஏரி இல்லை, பங்களா இல்லை, பேருந்து நிலையம் இல்லை. புல்வெளி, சோலை, சதுப்பு. மதுரை உதவி கலெக்டர் ராட்டன் செண்பகனூரில் பங்களா கட்டியது 1834இல். அமெரிக்க மிஷனரிகள் தங்கள் முதல் இரண்டு வீடுகளை எழுப்பியது 1845இல். கலெக்டர் லெவிஞ்ச் ஓடையை மறித்து ஏரி உண்டாக்கியது 1863இல். ஆக, கொடைக்கானல் என்ற நகரம் பிறப்பதற்கு முன்பே வெள்ளகவி விருந்தாளிக்கு இடம் கொடுத்த ஊர்.

மச்சு பிச்சுவிலும் இதேதான் நடந்தது. 1911 ஜூலை 24ஆம் தேதி ஹைரம் பிங்காம் என்ற அமெரிக்கர் அதைக் 'கண்டுபிடித்தார்' என்று பாடப்புத்தகங்கள் சொல்லும். அவரை மலைமேல் கூட்டிப்போனவர் மெல்சோர் அர்டியாகா என்ற உள்ளூர் விவசாயி. மேலே போய்ப் பார்த்தால் இரண்டு மூன்று குடும்பங்கள் இன்கா காலத்து அடுக்கு வயல்களைத் திருத்திப் பயிர் செய்துகொண்டிருந்தன. இடிபாடுகளுக்குள் பிங்காமுக்கு வழி காட்டியது அந்தக் குடும்பங்களில் ஒன்றைச் சேர்ந்த சிறுவன். வெளியூர்க்காரர் ஏறி வரும் நாளையே ஓர் ஊரின் பிறந்தநாளாக எழுதிவைக்கும் வழக்கம் எல்லா மலைகளிலும் உண்டு போலிருக்கிறது.

வெள்ளகவியைப் பற்றி எழுதுகிறவர்கள் பலரும் 'உலகம் மறந்த ஊர்', 'காலம் உறைந்த கிராமம்' என்று ஆரம்பிக்கிறார்கள். உலகம் மறக்கவில்லை, சாலைதான் வேறு பக்கம் போனது. தெற்குச் சரிவில், பெரியகுளம் பக்கத்திலிருந்து ஏறும் நடைவழிகளே பல்லாண்டு காலம் கொடைக்கானலுக்குப் பிரதான வழிகள். கிருஷ்ணமநாயக்கன் தோப்பிலிருந்து குதிரையிலும் பல்லக்கிலும் நாற்காலி கட்டிய கம்பிலும் துரைமார்களையும் துரைசானிகளையும் தூக்கிக்கொண்டு ஆட்கள் ஏறினார்கள். 1875இல் ரயில் மதுரைப் பக்கம் வந்து கொடை ரோடு என்று ஒரு நிலையம் முளைத்தது. பிறகு மேஜர் லா என்பவரின் பெயரால் வத்தலக்குண்டு பக்கத்திலிருந்து மலைச்சாலை வளைந்து வளைந்து ஏறியது. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் மோட்டார் வண்டி அதில் ஓடத் தொடங்கியதும் தெற்குச் சரிவு கொல்லைப்புறமாகிவிட்டது. ஒரு காலத்தில் வழிமேல் இருந்த ஊர், ஒரு சாலை முடிவால் 'ஒதுக்குப்புற ஊர்' ஆனது. பக்கத்துச் சரிவில் இருக்கும் அடுக்கத்துக்குப் பின்னாளில் சாலை கிடைத்தது. இன்று கும்பக்கரைப் பக்கத்திலிருந்தே அடுக்கம் வழியாகப் பெருமாள்மலைக்கு வண்டியில் போய்விடலாம், மழையில் மண் சரியாத நாட்களில்.

இனி, போவது எப்படி என்ற விஷயத்துக்கு வரலாம்.

முதல் முடிவு, ஏறுவதா இறங்குவதா என்பது. வட்டக்கானலிலிருந்து கும்பக்கரை வரை முழுவதும் இறங்கினால் செங்குத்தாக மட்டும் ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல். பெரும்பாலானவர்கள் இறக்கத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள், மூச்சு வாங்காது என்ற கணக்கில். மூச்சு வாங்காதுதான். ஆனால் பாதையெங்கும் உருண்டைக் கற்கள், புடைத்த மரவேர்கள், மழைநீர் அரித்த பள்ளங்கள். ஒவ்வொரு அடியிலும் உடல் பாரம் முழுவதும் முழங்காலில் இறங்கும், விரல் நகம் ஷூவின் முன்பக்கத்தில் போய் இடிக்கும். முதல் மணி நேரத்தில் பாட்டுப் பாடிக்கொண்டு முன்னால் ஓடியவர்கள் மூன்றாவது மணி நேரத்தில் பக்கவாட்டாகத் திரும்பி, நண்டு நடை நடந்து இறங்குவதைப் பார்க்கலாம். கும்பக்கரையிலிருந்து ஏறுகிறவர்களுக்கு இருமடங்கு நேரம் ஆகும், வெயில் ஏறுவதற்கு முன்பே பாதி மலையைத் தாண்டிவிட வேண்டும், ஆனால் முழங்கால் தப்பும். ஐம்பதைத் தாண்டியவர்கள் வட்டக்கானலிலிருந்து ஊர் வரை போய் அங்கிருந்தே திரும்புவதைப் பற்றி யோசிக்கலாம். ஆனால் அதிலும் களைத்த பிறகு ஏற வேண்டியிருக்கும் என்பதை மறக்கக் கூடாது.

நேரத்தைப் பற்றி எச்சரிக்கையாக ஒன்று. தலையில் மூட்டையோடு எதிரே வருகிற ஊர்க்காரரிடம் "இன்னும் எவ்வளவு தூரம்ணே?" என்று கேட்டால் "இந்தா, பக்கம்தான்" என்பார். அது அவர் காலுக்குப் பக்கம். பட்டணத்துக் கால் அந்தப் 'பக்கத்தை' இரண்டு மூன்றால் பெருக்கிக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, அனுமதி. இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். 'ஊர்க்காரர்கள் தினமும் நடக்கிற பாதைதானே, நமக்கென்ன' என்று தோன்றும். கொடைக்கானல் மலைக்காடுகள் 2013இல் வனவிலங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டவை. ஊர்க்காரர்களுக்குப் பாதையில் உரிமை உண்டு. வெளியூர்க்காரர் மலையேற்றம் என்று வந்தால் வனத்துறைதான் அனுமதிக்க வேண்டும். இந்த விதி ஏன் இறுகியது என்பதற்கு பக்கத்துத் தேனி மாவட்டத்தில் பதில் இருக்கிறது. 2018 மார்ச் 11ஆம் தேதி போடி பக்கத்துக் குரங்கணி மலையில் காய்ந்த புல்வெளியில் பிடித்த தீ, சென்னை, திருப்பூர், ஈரோடு பகுதிகளிலிருந்து வந்திருந்த மலையேற்றக் குழுக்களைச் சூழ்ந்துகொண்டது. 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மார்ச் மாதம், காய்ந்த போதைப்புல், சரிவில் ஏறும் காற்று. காட்டைத் தெரிந்த எவரும் அந்த நாளில் அந்தச் சரிவுக்குப் போகச் சொல்லியிருக்க மாட்டார்கள். அதே ஆண்டிலேயே மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தத் தமிழக அரசு தனி விதிகளைக் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' என்ற திட்டம் தொடங்கி, மாநிலம் முழுக்க 40 பாதைகளைத் தேர்ந்தெடுத்து, இணையத்தில் முன்பதிவு, உள்ளூர்ப் பழங்குடியினரும் கிராமத்து இளைஞர்களும் வழிகாட்டிகள் என்று முறைப்படுத்தினார்கள். எந்தப் பாதை எந்த மாதத்தில் திறந்திருக்கும், கட்டணம் எவ்வளவு என்பதையெல்லாம் அந்தத் தளத்தில் பார்த்துவிட்டோ, கொடைக்கானல் வனச்சரக அலுவலகத்தில் கேட்டுவிட்டோ கிளம்புவதுதான் முறை. பெருவில் வரிசையில் நின்று வாங்கத் தயாராக இருக்கும் அனுமதியை இங்கே மட்டும் தொந்தரவு என்று நினைப்பது என்ன நியாயமோ!

இதற்கு மேல் இன்னொரு பதிவும் உண்டு. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்குள் வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயம். 2025 கோடையில் வண்டி எண்ணிக்கைக்கே வரம்பு வந்தது: வார நாளில் 4,000, வார இறுதியில் 6,000. அரசுப் பேருந்தில் ஏறினால் இந்தத் தலைவலி இல்லை. கொடை ரோட்டில் ரயிலை விட்டு இறங்கி வத்தலக்குண்டு வழியாகப் பேருந்து பிடிக்கும் பழைய வழிக்கு இப்போது ஒரு புது மவுசு வந்திருக்கிறது. இன்னொரு வகையிலும் பேருந்துதான் சரி. மேலே தொடங்கிக் கீழே கும்பக்கரையில் முடிகிற நடைக்குக் காரை வட்டக்கானலில் விட்டுவிட்டுப் போனால், அதைத் திரும்ப எடுக்க இன்னொரு அரை நாள் மலையைச் சுற்ற வேண்டும். இந்தச் சின்னக் கணக்கைப் போடாமல் வந்து கும்பக்கரையில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்கும் குழுக்கள் ஏராளம்.

மூன்றாவது, பருவம். கொடைக்கானலுக்கு இரண்டு மழையும் உண்டு. தென்மேற்குப் பருவத்தில் சாரல், வடகிழக்கில் அக்டோபரிலிருந்து டிசம்பர் முற்பகுதி வரை கனமழை. மழைக்காலத்தில் பாதை வழுக்கும், ஓடைகள் திடீரென்று பெருகும், கும்பக்கரையில் வெள்ளம் வந்தால் அருவிக்குப் போகவே தடை போட்டுவிடுவார்கள். அட்டைகள் வேறு. உட்கார்ந்து எழுந்த பிறகு சாக்ஸுக்குள் ஈரம் தட்டினால் அது தண்ணீராக இருக்காது. உப்பும் சுண்ணாம்பும் கலந்து துணியில் முடிந்த பொட்டலத்தைக் கம்பு நுனியில் கட்டி அவ்வப்போது காலில் ஒற்றிக்கொள்ளும் பழைய வைத்தியம் இன்றும் செல்லும். பிப்ரவரி பாதிக்கு மேல் காடு காய்ந்து தீப்பருவம் தொடங்கும், பாதைகள் மூடப்படும். ஆகவே டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி முதல் பாதி வரை நல்ல நேரம். காலை ஏழு மணிக்கு நடக்கத் தொடங்கினால் பனி விலகும்போது கீழே வைகைச் சமவெளி முழுவதும், வயலும் தோப்பும் குளமுமாக, விரிந்து தெரியும். பத்து மணிக்குக் கிளம்புகிறவர்களுக்கு வெறும் வெண்மைதான் மிச்சம்.

பையில் என்ன வைப்பது? குறைவாக. 5 லிட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்குக் கொடைக்கானலில் தடை, எனவே எவர்சில்வர் பாட்டில். ஆளுக்கு 2 லிட்டராவது வேண்டும். புளியோதரையும் எலுமிச்சைச் சாதமும் இந்த மாதிரி நடைக்கென்றே கண்டுபிடிக்கப்பட்டவை. டார்ச், மழைக் கோட்டு, ஒரு நல்ல கம்பு. காட்டுமாடு எதிர்ப்பட்டால் ஒதுங்கி நின்று வழிவிட வேண்டும், செல்போனை நீட்டிக்கொண்டு கிட்டே போகக் கூடாது. பார்க்கச் சாதுவாக மேய்ந்துகொண்டிருக்கும். ஒரு டன் எடை உள்ளது திரும்பினால் ஓட இடம் இருக்காது. செல்போன் சிக்னல் விட்டு விட்டு வரும், அதை நம்பி வழி தேட முடியாது. வழிகாட்டி வேண்டும் என்பதற்கு விதியைவிட இதுதான் வலுவான காரணம்: தோட்டங்களுக்குப் பிரியும் ஒற்றையடிப் பாதைகள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும்.

காலணி விஷயம் தனி. பிடிமானமுள்ள ஷூ இல்லாமல் இந்தப் பாதையில் இறங்கக் கூடாது. ஆனால் ஊர் எல்லையை அடைந்ததும் அதைக் கழற்றிவிட வேண்டும். வெள்ளகவிக்குள் யாரும் செருப்புப் போடுவதில்லை. கோயில்கள் வீடுகளுக்கு நடுவே, வழியோரத்தில், மரத்தடியில் என்று எங்கும் இருப்பதால் ஊரே கோயில் வளாகம் என்பது அவர்கள் கணக்கு. வீடுகளைவிடக் கோயில்கள்தான் அதிகம் என்று வேடிக்கையாகச் சொல்வதும் உண்டு. வெளியூர்க்காரர் எல்லையில் குனிந்து ஷூ நாடாவை அவிழ்க்கும் அந்த இரண்டு நிமிடத்தில், எதிரே பள்ளிப் பிள்ளைகள் கூரிய கல்மேல் வெறுங்காலோடு ஓடிவருவார்கள். நாடாவை முடிச்சுப் போட்டு ஷூவைத் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு நடக்க வேண்டியதுதான். முதல் பத்தடி முள்மேல் நடப்பது போல இருக்கும். பிறகு கால், மண் இருக்கும் இடம் எது, கல் இருக்கும் இடம் எது என்று தானே தேடத் தொடங்கும். 'சாக்ஸோடு வரலாமா' என்று கேட்டு விவாதம் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். மச்சு பிச்சுவில் ஊன்றுகோலுக்கு ரப்பர் மாட்டச் சொன்னால் மறுபேச்சில்லாமல் மாட்டுகிறவர்கள் அவர்கள்.

ஊருக்குள் விடுதி கிடையாது, உணவகம் என்று பலகை மாட்டிய கடையும் எதிர்பார்க்கக் கூடாது. சாப்பாடோ தங்குவதோ வேண்டுமானால் வழிகாட்டி மூலம் முன்னதாகச் சொல்லி, ஆள் கணக்குக் கொடுத்து ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். பதினைந்து பேர் முன்னறிவிப்பில்லாமல் வந்து "சாப்பாடு இருக்கா அக்கா?" என்று கேட்டால் அந்த வீட்டின் ஒரு வார அரிசி போய்விடும். ஏனென்றால் அந்த அரிசி மலையேறியோ இறங்கியோ வந்தது. ரேஷன் மூட்டை, சிமெண்டு, கேஸ் சிலிண்டர், தகரம் எல்லாம் குதிரை முதுகில் வருகின்றன. முதுகின் இரண்டு பக்கமும் சமமாகச் சாக்கு தொங்க, கழுத்து மணி ஒலிக்க அவை வரும். வளைவில் அந்தச் சத்தம் கேட்டதும் நடப்பவர்கள் மலைப்பக்கமாக ஒதுங்க வேண்டும். பள்ளத்துப் பக்கம் ஒதுங்கினால் சாக்கு இடித்துத் தள்ளிவிடும், குதிரை அதற்காக நிற்காது. தேர்தல் சமயத்தில் வாக்குப்பதிவு இயந்திரங்கள் இப்படிக் குதிரையேறிப் போனதை நாளிதழ்கள் படத்தோடு போட்டன. திரும்பும் குதிரையில் காப்பிக்கொட்டையும் மிளகும் வாழைத்தாரும் போகும். சுமைக்கூலியைக் கழித்த பிறகு விவசாயி கையில் என்ன நிற்கும் என்பதைச் சந்தை விலை தெரிந்தவர்கள் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அதனால் ஊரில் நேரடியாக மிளகோ காப்பியோ வாங்கும் பயணி பேரம் பேசாமல் இருப்பது நல்லது.

பழமையைத்தான் தேடி வந்தோம் என்கிறவர்களுக்கு, வெள்ளகவியோடு இன்னொரு நாளைச் சேர்த்துக்கொண்டு மலையின் கிழக்குப் பக்கம் போய் வருவது பொருத்தம். தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பெருமாள்மலை சுற்றுவட்டாரத்தில் பாறை மேடுகளில் கற்திட்டைகள் இருக்கின்றன. பெரிய பலகைக் கற்களை நிறுத்தி, மேலே ஒரு மூடுகல்லை ஏற்றிய ஈமச் சின்னங்கள். பாண்டவர்கள் தங்கியது, குள்ளர்கள் கட்டியது என்று ஊருக்கு ஒரு கதை. செண்பகனூரில் இருந்த ஏசு சபைப் பாதிரியார்கள் ஆங்கிலேடும் நியூட்டனும் இவற்றை மலை முழுக்க அலைந்து பதிவு செய்ய, 1928இல் இந்தியத் தொல்லியல் துறை அதை நூலாக வெளியிட்டது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் கா. ராஜன் தலைமையில் தாண்டிக்குடியில் நடந்த அகழாய்வில் பெருங்கற்காலப் பொருட்களோடு சூதுபவள மணிகளும் கிடைத்தன. மலைமேல் சூதுபவளம் விளையாது. சமவெளியிலிருந்து இந்த மலைவழியாக வணிகம் நடந்திருக்கிறது என்பதற்கு அது சாட்சி. புறநானூற்றின் 205ஆம் பாட்டில் பெருந்தலைச் சாத்தனார் பாடும் கடிய நெடுவேட்டுவன் இந்தக் கோடை மலையின் தலைவன். இன்காக்கள் பிறப்பதற்கு ஆயிரம் ஆண்டுக்கு முன்பே இந்த மலையில் கல் நிறுத்தியவர்கள் இருந்தார்கள், மணி விற்றவர்கள் இருந்தார்கள், பரிசில் கேட்டு மலையேறிய புலவரும் இருந்தார். கற்திட்டைகள் பலவும் தனியார் காப்பித் தோட்டங்களுக்குள் இருப்பதால் அங்கேயும் கேட்டுவிட்டுத்தான் நுழைய வேண்டும். மூடுகல்மேல் ஏறி உட்கார்ந்து படம் எடுப்பதைத் தவிர்த்தால் இன்னும் கொஞ்ச காலம் நிற்கும்.

வெள்ளகவிக்குப் போய்த் திரும்பியவர்களிடம் ஒரு பேச்சு அடிக்கடி கேட்கும்: "அந்த ஊருக்கு ரோடு மட்டும் போட்டுடக் கூடாதுங்க, கெட்டுப்போயிடும்." இந்தப் பேச்சை ஊருக்குள் இருந்துகொண்டு பேசிவிட முடியாது. பிரசவ வலி எடுத்த பெண்ணையும் பாம்பு கடித்தவரையும் டோலி கட்டி, நாலு பேர் தோள் மாற்றித் தோள் மாற்றி, இருட்டில் டார்ச் வெளிச்சத்தில் தூக்கிக்கொண்டு போன அனுபவம் அங்கே வீட்டுக்கு வீடு உண்டு. சாலை வேண்டும் என்பது பல ஆண்டுக் கோரிக்கை. காட்டு நிலத்தில் சாலை எளிதல்ல என்பதும் உண்மை. அதே சமயம் 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் 3(2)ஆம் பிரிவு, கிராமசபை பரிந்துரைத்தால் பள்ளி, மருத்துவமனை, சாலை போன்றவற்றுக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குள் வன நிலம் ஒதுக்க இடம் தருகிறது. நீண்ட மலைப்பாதைக்கு அந்த ஒரு ஹெக்டேர் எட்டுமா என்பதுதான் கேள்வி. சாலைப் பணி நடந்தால் நடைபாதையும் மாறக்கூடும் என்பதால், கிளம்பும் முன் வட்டக்கானலில் ஒரு வார்த்தை விசாரித்துக்கொள்ள வேண்டும்.

பெருவிலும் இதே சண்டைதான். மச்சு பிச்சுவின் அடிவார ஊரான அகுவாஸ் காலியென்டஸுக்கு வெளியிலிருந்து சாலை கிடையாது. ரயிலில் போகலாம், அல்லது நடக்கலாம். 2010 ஜனவரியில் மழை வெள்ளம் தண்டவாளத்தை அறுத்தபோது ஆயிரக்கணக்கான பயணிகள் அங்கே சிக்கி, ஹெலிகாப்டரில் மீட்கப்பட்டார்கள். இப்போது குஸ்கோ அருகே சின்செரோவில் புதிய சர்வதேச விமான நிலையம் எழும்புகிறது. இன்கா நிலப்பரப்பு பாழாகும் என்று தொல்லியலாளர்கள் எதிர்க்கிறார்கள், வேலை கிடைக்கும், வருமானம் வரும் என்று உள்ளூரில் ஒரு தரப்பு வரவேற்கிறது. அங்கே விமான நிலையத்துக்கு நடக்கும் சண்டை இங்கே ஆம்புலன்ஸ் போகும் அகலத்துக்கு நடக்கிறது. அந்த அளவு வித்தியாசத்தை மறந்துவிட்டு இரண்டையும் ஒரே தராசில் நிறுத்துவது சரியாகப் படவில்லை.

ஊரிலிருந்து மதியத்துக்கு மேல் தாமதிக்காமல் இறங்கிவிட வேண்டும். கீழ்ச்சரிவில் வெயில் சுடும், சோலைக்காடு போய் முட்புதரும் மூங்கிலும் வரும், தண்ணீர் இங்கேதான் தீர்ந்துபோகும். அருவியின் இரைச்சல் காதில் விழுந்த பிறகும் கணிசமான நடை பாக்கி இருக்கும் என்பதை முன்பே தெரிந்துவைத்துக்கொண்டால் மனம் தளராது. கும்பக்கரையில் வனத்துறை நேரம் முடிந்தால் கேட்டை மூடிவிடுவார்கள், அதற்குள் வந்துவிட்டால் குளிக்கலாம். பெரியகுளத்துக்கு ஆட்டோவை வழிகாட்டியிடமே சொல்லி வைத்துக்கொள்வது உத்தமம். அங்கிருந்து மதுரைக்கும் திண்டுக்கல்லுக்கும் பேருந்துக்குக் குறைவில்லை. ஞாயிறு நடந்துவிட்டுத் திங்கள் காலை வேலைக்குப் போகிறவர்கள், அலுவலகம் எத்தனையாவது மாடியில் இருக்கிறது, லிஃப்ட் ஓடுகிறதா என்பதையும் திட்டத்தில் சேர்த்துக்கொள்வது நல்லது.